பாட்டு ரூமைப் பூட்டியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கல்லூரி முதல்வர் அவர்களுக்கும் ஆட்சிக்குழு உறுப்பினர்களுக்கும்,

சென்ற மாதம் நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கையை என் மகளின் போனில் படித்தேன். அதில் மூன்று பத்திகள். வளாகத்துக்குள் கூட்டமாகப் பாடுவதும் மேஜை தட்டுவதும் இனி ஒழுங்கு நடவடிக்கைக்கு உரியவை என்கிறது முதல் பத்தி. நூலகத்துக்குப் பின்னால், மாடிப்படிக்குக் கீழே 'பயன்பாடின்றிக் கிடக்கும்' இசை அறை போட்டித் தேர்வுப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது என்பது இரண்டாவது. விழாக்களில் தமிழ்த்தாய் வாழ்த்தும் நாட்டுப்பண்ணும் 'ஒரே சீராக அமையும்பொருட்டு' ஒலிப்பதிவில் இசைக்கப்படும் என்பது மூன்றாவது. கீழே பச்சை மையில் உங்கள் கையெழுத்து.

நான் உங்கள் கல்லூரியில் 1988 முதல் 1991 வரை இயற்பியல் படித்தவள். இப்போது என் மகள் அங்கே இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். கல்லூரியின் பெயரை இந்த மடலில் வேண்டுமென்றே எழுதவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் போதும். ஊர் கூடிச் சிரிக்க வேண்டும் என்பது என் நோக்கமில்லை.

பெற்றோர் கூட்டத்தில் எழுந்து இதைக் கேட்டேன். "படிக்க வந்த பிள்ளைகளுக்குப் பாட்டு எதற்கு?" என்றார் மேடையில் இருந்த ஒருவர். கைதட்டலும் கிடைத்தது. நான் அடுத்த வார்த்தை பேசுவதற்குள் மைக் வேறு ஒருவர் கைக்குப் போய்விட்டது. அங்கே விட்ட இடத்திலிருந்து இங்கே எழுதுகிறேன்.

அந்த அறையை நாங்கள் பாட்டு ரூம் என்போம். இரண்டு பெஞ்சு, ஒரு ஜன்னல், மழை பெய்தால் ஒழுகும் ஒரு மூலை, ஒரு ஹார்மோனியம். வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்த அண்ணன்தான் வாசிப்பார். நாலு மணிக்கு பியூரெட்டுகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கையில் ஆசிட் வாடை போகாமலே வந்து உட்காருவார். அந்தப் பெட்டியில் ஒரு கட்டை பேசாது. எங்கள் சுருதிக்கு அதுதான் பஞ்சமம், ஏழு ஸ்வரத்தில் 'ப'. 'ப' வரும் இடத்தில் எல்லாம் 'புஸ்' என்று காற்றுதான் வரும். "மக்களே, அத பெட்டி பாடாது. நீங்கதான் பாடணும்" என்பார். பாடினோம். வருஷா வருஷம் புதிதாகச் சேரும் பிள்ளைகள் எல்லாரும் பஞ்சமத்தைப் பெட்டியின் துணையில்லாமல் பிடிக்கப் பழகியது இப்படித்தான். ரிப்பேர் பார்க்கக் காசில்லாமல் விட்டாரா, வேண்டுமென்றே விட்டுவைத்தாரா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம் உண்டு.

தமிழ்த்தாய் வாழ்த்துக்கு எம்.எஸ். விசுவநாதன் போட்ட மெட்டு மோகன ராகம். மோகனத்துக்கு ஐந்தே ஸ்வரம். அதில் ஒன்று பஞ்சமம். ஆகவே கல்லூரி விழா மேடையில் நாங்கள் வாழ்த்துப் பாடியபோதெல்லாம் நாலு ஸ்வரத்தைத்தான் ஹார்மோனியம் வாசித்தது. ஐந்தாவது எங்கள் தொண்டையிலிருந்து வந்தது. ஒரு தடவை ஒருத்திக்கு ஜலதோஷம், இன்னொருத்திக்குப் பயம், பஞ்சமம் பாதியாகத்தான் வந்தது. அன்று சிறப்பு விருந்தினராக வந்திருந்தவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. நாங்கள் மட்டும் ஒரு வாரம் அதைப் பேசிப் பேசிச் சிரித்தோம். நீங்கள் விரும்பும் 'ஒரே சீர்' எங்களிடம் இருக்கவில்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் உங்கள் மூன்றாவது பத்தியை வைத்துக்கொண்டு, 2021 டிசம்பரில் தமிழக அரசு அந்தப் பாடலை மாநிலப் பாடலாக அறிவித்தபோது போட்ட அரசாணையையும் ஒருமுறை படித்துப் பாருங்கள். 55 விநாடியில், முல்லைப்பாணியில், அதாவது மோகனத்தில் பாட வேண்டும் என்று சொல்லும் அதே அரசாணை, ஒலிப்பதிவைப் போடுவதைத் தவிர்த்து, பயிற்சி பெற்றவர்களைக் கொண்டு வாயால் பாடவைக்க வேண்டும் என்றும் சொல்கிறது. கல்வி நிலையங்களும் அதற்குள் அடக்கம். அரசு வேண்டாம் என்றதை நீங்கள் கையெழுத்துப் போட்டு வேண்டும் என்கிறீர்கள். பயிற்சி பெற்ற பிள்ளைகள் எங்கே என்று கேட்பீர்களானால், பயிற்சி கொடுத்த அறையைத்தான் பூட்டிவிட்டீர்களே.

இன்னொன்று. அந்தப் பாடலை எழுதியவரும் ஒரு கல்லூரி ஆசிரியர்தான். திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் தத்துவம் நடத்தியவர். 1891இல் அவர் வெளியிட்ட நாடகத்தின் வாழ்த்துப் பகுதிதான் 1970இல் தமிழ்நாட்டின் தமிழ்த்தாய் வாழ்த்தானது. நான் கல்லூரியில் சேர்ந்தபோது நாம் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தோம். 1990இல் திருநெல்வேலியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் வந்தது. அடுத்த வருஷம் என் மகள் வாங்கப்போகும் பட்டத்தில் அவர் பெயர்தான் அச்சாகி இருக்கும். அதை அவளுக்குக் கொடுக்கும் விழாவில் அவர் பாட்டை ஸ்பீக்கர் பாடப்போகிறது.

சரி, அறையில் இருந்த இன்னொரு பொருளைச் சொல்கிறேன். அதற்காகத்தான் எனக்குத் தூக்கம் போனது. கணக்குப்பிள்ளைகள் வைத்திருப்பார்களே, நீளமான பேரேடு, அதுபோல ஒரு நோட்டு. முதல் பக்கத்தில் 1974 என்று நீல மையில் இருக்கும். ஒவ்வொரு வருஷத்துப் பிள்ளைகளும் தாங்கள் பாடியதை அதில் எழுதி, அடியில் ஆண்டையும் வகுப்பையும் போட்டுவிட்டுப் போவார்கள். யார் பெயரும் எழுதக் கூடாது என்று ஒரு வழக்கம் இருந்தது. ஏன் என்று யாருக்கும் தெரியாது. கும்மிப்பாட்டு, கேரல், பள்ளியில் படித்த கவிமணி பாட்டு, வானொலியில் கேட்டு எழுதியதால் பாதி வரி தப்பாக இருக்கும் சினிமாப் பாட்டு, எல்லாம் இருந்தன. நிறைய மலையாளப் பாட்டுகளும் உண்டு, ஆனால் தமிழ் எழுத்தில். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த குமரி மண்ணல்லவா இது. விளவங்கோட்டிலிருந்தும் கல்குளத்திலிருந்தும் வந்த பல பிள்ளைகளின் அம்மாக்கள் பள்ளியில் மலையாளம் படித்தவர்கள். தமிழில் ஒரே ஒரு 'ப'தானே. அதனால் மலையாளத்தில் அழுத்திச் சொல்ல வேண்டிய 'ப'வுக்குக் கீழே ஒரு கோடு, மூச்சை விட்டுச் சொல்ல வேண்டியதற்கு இரண்டு கோடு என்று யாரோ ஒரு புண்ணியவதி ஆரம்பித்து வைத்திருந்தாள். எல்லாரும் அதையே பின்பற்றினோம். ஓண விடுமுறைக்கு முந்தின நாளும் டிசம்பர் மாதம் முழுவதும் அந்த நோட்டு கை மாறிக்கொண்டே இருக்கும்.

நானும் அதில் ஒரு பாட்டு எழுதியிருக்கிறேன். எங்கள் ஊர் குளச்சல் கடற்கரை. கரமடி வலை இழுக்கும்போது தாத்தா முன்னே பாட மற்றவர்கள் திருப்பிச் சொல்வார்கள். அவரை உட்காரவைத்து, அவர் வெற்றிலையை மென்று துப்பும் இடைவெளியில் எல்லாம் வரி வரியாகக் கேட்டு எழுதினேன். கயிறு இல்லாமல் பாடினால் அவருக்கு வரி மறந்துவிடும். கடைசியில் வாசற்கால் தூணில் ஒரு துண்டைக் கட்டி இழுத்துக்கொண்டே பாடினார். நான் அதைக் கொண்டுபோய் எழுதிய அன்று, இனி நோட்டு மீன் நாறும் என்று வகுப்பில் கேலி. மூன்றாவது வாரம் அதே ஆட்கள் பெஞ்சை இழுத்து இழுத்துப் போட்டு அதைப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

அந்த நோட்டு எங்கே என்று என் மகள் அலுவலகத்தில் போய்க் கேட்டாள். அறையைக் காலி செய்தபோது பழைய விடைத்தாள்களோடு எடைக்குப் போய்விட்டது என்று சொன்னார்களாம். எத்தனை கிலோ என்று கேட்காமல் வந்துவிட்டாள். நானாக இருந்தால் கேட்டிருப்பேன்.

பாடும்போது என் பக்கத்தில் நிற்பவள் மண்டைக்காட்டுக்காரி. 1982இல் அங்கே நடந்த இந்து–கிறிஸ்தவக் கலவரத்தை இந்த மாவட்டத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அப்போது நாங்கள் இரண்டு பேரும் ஆறாம் வகுப்பு, வேறு வேறு பள்ளி. அதைப் பற்றி அவள் வீட்டிலும் பேச மாட்டார்கள், எங்கள் வீட்டிலும் பேச மாட்டார்கள். கல்லூரியில் முதல் ஆறு மாதம் நானும் அவளும் பேசிய ஒரே பேச்சு, "இந்த வரியில மூச்சு எங்க விடணும்?" என்பதுதான். நோட்டு ஒன்று, ஆள் இரண்டு. தலையை ஒட்டி வைத்துப் படிக்காமல் முடியாது. இரண்டாம் வருஷம் அவள் வீட்டுக்குப் போய் மரச்சீனிக் கிழங்கும் கறியும் சாப்பிட்டேன். இப்போதும் போன் செய்கிறாள். இந்தச் சுற்றறிக்கையைப் பற்றிச் சொன்னதும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "அந்தக் கட்டைய நன்னாக்கினாங்களா?" என்று கேட்டாள்.

உங்கள் தரப்பில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ராகிங்கைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு என்று கூட்டத்தில் சொன்னீர்கள். பாட்டுக்கும் ராகிங்குக்கும் உள்ள உறவை நான் அனுபவித்தவள். சேர்ந்த முதல் வாரமே கேன்டீன் வராந்தாவில் சீனியர்கள் என்னை ஒரு ஸ்டூலில் ஏற்றிப் பாடச் சொன்னார்கள். குரல் உடைந்து அழுதுவிட்டேன். நாலு நாள் கல்லூரிக்கே போகவில்லை. தமிழ்நாட்டில் 1997இல்தான் ராகிங் தடைச் சட்டம் வந்தது. எனக்கு அது ஒன்பது வருஷம் பிந்திவிட்டது. அந்தச் சட்டத்தை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் அந்த நாலு நாள் கழித்து என்னைத் திரும்ப வரவழைத்தது பாட்டு ரூம்தான். அங்கே யாரையும் தனியாகப் பாடச் சொல்ல மாட்டார்கள். பத்துப் பேர் குரலுக்குள் என் குரலை ஒளித்துவைத்துக்கொள்ளலாம். ஒருத்தியை ஸ்டூலில் ஏற்றுவதையும் பத்துப் பேர் சேர்ந்து பாடுவதையும் ஒரே பத்தியில் குற்றம் என்று எழுதியிருக்கிறீர்கள்.

மேஜை தட்டுவதால் பக்கத்து வகுப்புக்கு இடைஞ்சல் என்றீர்கள். உண்மைதான். பாட நேரத்தில் தடுத்துக்கொள்ளுங்கள், நான் குறுக்கே வரமாட்டேன்.

சென்ற ஆண்டு கல்லூரி நாளுக்கு ஆள் வைத்து டிஜே போட்டீர்கள். ஸ்பீக்கர் அடுக்கின் அதிர்வில் ஆய்வக ஜன்னல் கண்ணாடி நடுங்கியதாக மகள் சொன்னாள். அது யாருக்கும் இடைஞ்சலாக இருக்கவில்லை போலும்.

எங்கள் காலத்துக் கல்லூரி நாளில் என்ன நடந்தது என்று சொன்னால் நம்புவீர்களா? 1990இல் மூன்றாம் ஆண்டு அண்ணன்மார் வில்லுப்பாட்டு போட்டார்கள். பாடுபொருள், கேன்டீன் ரசவடை. வில்லும் குடமும் ஒரு கோயில் அண்ணாவியிடம் இரவல். உடுக்கை கிடைக்காததால் நாடகத்துக்கு வாங்கிய பொம்மை உடுக்கை. வீசுகோலால் நாணைத் தட்டத் தெரியாமல் முதல் தட்டிலேயே ஒருவர் விரலில் தட்டிக்கொண்டார். முன்பாட்டுக்காரர், வடை ரசத்தில் ஊறாத காரணத்தைப் புராணம் போல நீட்டி நீட்டிச் சொல்ல, பின்பாட்டுக்காரர்கள் ஒவ்வொன்றுக்கும் "ஆமா" போட்டார்கள். அன்றைய முதல்வர் முன்வரிசையில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். கேன்டீன்காரரும் சிரித்தார். வடை என்னவோ அப்படியேதான் இருந்தது. கலைவாணர் பிறந்த ஊர்ப்பக்கம் பிள்ளைகள் வில்லுப்பாட்டில் குறை சொன்னால் பெரியவர்கள் சிரிக்கத்தான் வேண்டும் என்று அப்போது எல்லோரும் நினைத்தார்கள்.

எங்கள் ஆங்கிலப் பேராசிரியர் ஒருமுறை சொன்னது இப்போது நினைவுக்கு வருகிறது. 1879இல் ஜெர்மனியின் பிரெஸ்லாவ் பல்கலைக்கழகம் இசையமைப்பாளர் பிராம்ஸுக்கு கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. நன்றியாக ஏதாவது இசையமைத்துத் தருவார் என்று எதிர்பார்த்தவர்களுக்கு, மாணவர்கள் பீர் குடித்துவிட்டுப் பாடும் பாட்டுகளை எல்லாம் கோத்து, பெரிய வாத்தியக் குழுவுக்கு எழுதி, 1881 ஜனவரியில் தானே நின்று நடத்திக் காட்டினார். மாணவர் பாட்டைக் கனமான பேராசிரியர்கள் முன்னால் அரங்கேற்றினார் அந்த மனிதர். நான் உங்களிடம் அவ்வளவு கேட்கவில்லை. பீரும் வேண்டாம்.

இந்த மடலை எழுதவைத்த விஷயத்துக்கு இனி வருகிறேன். பையன்களுக்குப் பாட எப்போதும் இடம் இருந்தது. குளச்சல் பஸ்ஸில் பின் சீட்டு அவர்களுடையது. 1979இல் திருவனந்தபுரம் ரயில் பாதை வந்தபின், குழித்துறையிலும் இரணியலிலும் பாசஞ்சர் வண்டியில் ஏறும் பையன்களுக்குப் பெட்டியின் தகரச் சுவரே தவில். கல்லூரி விட்டால் சாயாக்கடை பெஞ்சு. முன் சீட்டில் இருக்கும் நாங்கள் ஜன்னல் வழியே வயலைப் பார்த்துக்கொண்டு உதட்டை மட்டும் அசைப்போம். அதிலும் ஒரு அச்சம். கண்டக்டர் ஊர்க்காரர், சாயங்காலத்துக்குள் வீட்டுக்குச் செய்தி போய்விடும். வீட்டில் பாடினால் 'பொம்பளப் பிள்ளைக்கு என்ன சத்தம்' என்பார்கள். ஆலயத்தில் பாடலாம், பஜனையில் பாடலாம், ஆனால் அங்கே பெரியவர்கள் கொடுத்ததைத்தான் பாட வேண்டும். நாங்கள் விரும்பியதை, விரும்பிய சத்தத்தில் பாட இந்த மாவட்டத்தில் எங்களுக்கு இருந்த இடம் பத்துக்குப் பன்னிரண்டு அடியில் அந்த ஓர் அறை.

இன்றைக்கு அதெல்லாம் மாறிவிட்டது என்று நானும் நினைத்தேன். போன வாரம் மகளிடம், "நீ இப்ப எங்கதான் பாடுவ?" என்று கேட்டேன். "ஸ்கூட்டில போகும்போது, ஹெல்மெட்டுக்குள்ள" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கட்டைய நன்னாக்கினாங்களா என்று கேட்டவளுக்குப் பதில் சொல்லவும் தெரியவில்லை.

உங்கள் தடை பையன்களைச் சாயாக்கடைக்கு அனுப்பும். அதில் அவர்களுக்குப் பெரிய நஷ்டம் இல்லை. உங்கள் கல்லூரியில் பாடும் பெண்பிள்ளைகள் எங்கே போக வேண்டும் என்று சுற்றறிக்கையில் ஒரு வரி இருக்கிறதா என்று இரண்டு தடவை தேடினேன்.

ஆகவே நான் கேட்பது இவை. சுற்றறிக்கையின் முதல் பத்தியைத் திரும்பப் பெறுங்கள். பாட நேரத்தில் சத்தம் கூடாது என்று மட்டும் மாற்றி எழுதுங்கள். போட்டித் தேர்வுப் பயிற்சி வேண்டியதுதான், என் மகளும் எழுதப்போகிறாள். ஆனால் அந்த அறையில் பயிற்சி காலையில் நடக்கட்டும். வாரத்தில் இரண்டு நாளாவது நாலு மணியிலிருந்து ஐந்தரை மணி வரை பாடுகிற பிள்ளைகளுக்குத் திறந்து வையுங்கள். சாவி ஒரு பேராசிரியையிடம் இருக்கட்டும். அடுத்து நடக்கும் கல்லூரி விழாவிலேயே தமிழ்த்தாய் வாழ்த்தை மாணவர்கள் மேடையில் நின்று பாட வேண்டும். முதல் தடவை சுருதி தப்பினால் தப்பட்டும்.

நோட்டு எந்தக் கடைக்கு, எந்தத் தேதியில் எடைக்குப் போனது என்று எனக்கு எழுத்தில் தெரிவியுங்கள். கடைக்காரரை நானே போய்ப் பார்த்துக்கொள்கிறேன். ஒருவேளை அலமாரி எதிலாவது கிடந்தால், படி எடுத்துக்கொள்ள ஒரு நாள் கொடுங்கள். கிடைக்காது என்றால், அதில் இருந்தவற்றில் எங்களுக்கு நினைவில் உள்ளதை எழுதித் தர 1988–91 பிள்ளைகளில் ஏழு பேர் தயாராக இருக்கிறோம். அதற்கு ஒரு நோட்டை வாங்கி அறையில் வைக்க அனுமதி வேண்டும்.

ஹார்மோனியம் இன்னும் உங்களிடம்தான் இருக்கிறது என்று கேள்விப்பட்டேன். அதை எடைக்குப் போட வேண்டாம். ரிப்பேர் செலவை நாங்கள் ஏற்கிறோம். பஞ்சமக் கட்டையை மட்டும் தொட வேண்டாம் என்று ரிப்பேர்காரரிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்.

இந்த மாத இறுதிக்குள் உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
1988–91 இயற்பியல் வகுப்பு மாணவி,
இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தியின் அம்மா,
குளச்சல்